பிலிம் கழுவும் இயந்திரமும் ஆம்பூர்த் தோலும்

வேலூரில் மே மாதப் பிற்பகல் ஒன்றில் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். மாடித் தொட்டியில் வெந்து இறங்கிவரும் நீர் கையைச் சுடும். காற்றின் வெப்பநிலையே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்த நாளில், ஒரு தொட்டித் திரவத்தைக் காலை முதல் மாலை வரை 20 டிகிரியிலேயே வைத்திருக்கும்படி உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஐஸ் வாங்கிவர ஆள் அனுப்புவீர்கள். எக்ஸ்-ரே பிலிமைக் கையால் கழுவிய காலத்தில், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் இருட்டறைகளில் பணியாளர்கள் செய்த வேலைகளில் பாதி இதுதான். டெவலப்பர்த் தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி நீர். உள்ளே ஒரு வெப்பமானி. அதன்மேல் எப்போதும் ஒரு கண்.

இந்தத் தொல்லையை நீக்கிய இயந்திரத்தைப் பற்றியே இக்கட்டுரை. பிலிமை ஒரு முனையில் நுழைத்தால் மறுமுனையில் 90 விநாடியில் உலர்ந்த படமாக வெளிவரும். அந்த இயந்திரம் வெற்றி பெற்றதற்குக் காரணமான வேதியியலைக் காண நீங்கள் வெகுதொலைவு போகவேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் அன்றாடம் நடப்பது அதே வேதியியல்தான்.

கழுவுவது என்றால் என்ன?

"பிலிம் கழுவுவது" என்பது நம் ஊர்ப் பேச்சு. அழுக்கைப் போக்குவதுபோல் அது ஒலித்தாலும் அங்கே நடப்பது வேறு. பிலிமில் ஒரு பிளாஸ்டிக் தகட்டின்மேல் ஜெலட்டின் பூசப்பட்டிருக்கும். எக்ஸ்-ரே பிலிமாயின் பெரும்பாலும் இருபுறமும் பூச்சு உண்டு. அப்பூச்சுக்குள் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் பாயசத்தில் ஜவ்வரிசிபோல் சிதறிக் கிடக்கும். ஒளியோ எக்ஸ்-கதிரோ பட்ட படிகத்தில் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றம் ஒன்று நேர்கிறது. டெவலப்பர் என்னும் காரத் திரவம் அந்தப் படிகங்களைத் தேடிப்பிடித்து வெள்ளி உலோகத் துகள்களாக மாற்றுகிறது. மிக நுண்ணிய துகளாக இருக்கும்போது வெள்ளி கருமையாகத் தோன்றும். ஒளி படாமல் எஞ்சிய படிகங்களை ஹைப்போ, அதாவது தயோசல்பேட்டு உப்பு, கரைத்து வெளியேற்றுகிறது. பிறகு நீரில் அலசி உலர்த்த வேண்டும்.

கையால் கழுவும் முறையில் 20 டிகிரியில் டெவலப்பருக்கு 5 நிமிடம், இடைக்குளியலுக்கு அரை நிமிடம், ஹைப்போவுக்கு 15 நிமிடம், அலசலுக்கு 20 நிமிடம், உலர்த்தலுக்கு 30 நிமிடம் என்பது பாடநூல் கணக்கு. கூட்டிப் பாருங்கள், ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. விபத்தில் கால் முறிந்தவர் மேசைமேல் கிடக்க, மருத்துவர் நீர் சொட்டும் பிலிமையே விளக்கருகே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவார். இதற்கு ஆங்கில மருத்துவமனைகளில் "ஈரப் படிப்பு" என்றே பெயர் இருந்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவமனைக்கு இன்று எத்தனை மாநிலங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அத்தகைய பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒவ்வொரு படத்துக்கும் எழுபது நிமிடம் என்றால் வரிசை எங்கே போய் நிற்கும்?

இழுப்பதற்கு ஆள் இல்லாத பிலிம்

இயந்திரத்தால் பிலிம் கழுவும் எண்ணம் புதிதன்று. 1925-இல் நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் அனடோல் ஜோசெபோ என்பவர் ஓர் அறையைத் திறந்தார். உள்ளே அமர்ந்து 25 சென்ட் நாணயம் போட்டால் எட்டுப் படங்கள் கொண்ட காகித நாடா சுமார் எட்டு நிமிடத்தில் கையில் விழும். முதல் ஆறு மாதங்களில் 2,80,000 பேர் அதற்கு வந்தார்களாம். சினிமாப் பிலிமுக்கும் இயந்திரம் விரைவில் வந்துவிட்டது. காரணம் எளிது. சினிமாப் பிலிம் நீளமானது. ஒரு வெற்றுச் சுருளை இயந்திரத்தில் முன்னதாகவே கோத்து வைத்து, அதன் வாலில் படச்சுருளின் தலையை இணைத்துவிட்டால் போதும். முன்னது பின்னதை இழுத்துச் செல்லும். சென்னைச் சினிமா லேப்களில் ஆயிரக்கணக்கான அடி பிலிம் தொட்டிக்குத் தொட்டி ஏறி இறங்கி ஓடியது இந்த முறையில்தான்.

எக்ஸ்-ரே பிலிமோ தனித்தனித் தாள். நெஞ்சுப் படத்துக்கு 14 அங்குல நீளம். விரல் எலும்புக்கு அதில் பாதிகூட இல்லை. அதை இழுக்க முன்னால் எவரும் இல்லை. 1942-இல் அமெரிக்காவின் பேக்கோ நிறுவனம் வெளியிட்ட முதல் தானியங்கி எக்ஸ்-ரே பிலிம் இயந்திரம், மனிதக் கை செய்ததையே இரும்புக் கையால் செய்தது. பிலிமைச் சட்டத்தில் மாட்டித் தொங்கவிட வேண்டும். இயந்திரம் சட்டத்தைத் தூக்கி ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததில் அமிழ்த்தும். மணிக்கு 120 பிலிம் கழுவியது என்பது உண்மையே. ஆனால் ஒரு பிலிம் வெளிவர 40 நிமிடம் ஆயிற்று.

1956-இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் சட்டத்தையே தூக்கி எறிந்தது. பிலிமைத் தொங்கவிடாமல் உருளைகளுக்கிடையே ஓட விட்டார்கள். அந்த எக்ஸ்-ஓமேட் இயந்திரம் 3 மீட்டர் நீளமும் முக்கால் டன் எடையும் கொண்ட பூதம். ஆயினும் ஆறு நிமிடத்தில் உலர்ந்த படம் தந்தது. 1965-இல் அதுவே 90 விநாடியாகச் சுருங்கிற்று: டெவலப்பரில் 22, ஹைப்போவில் 22, நீரில் 20, உலர் காற்றில் 26 விநாடி.

கரும்பு ஆலையில் கரும்பு நுழைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுபோலவே இதுவும். ஒவ்வொரு தொட்டியிலும் உருளைகள் மாறி மாறி இருபுறமும் அடுக்கப்பட்ட ஓர் ஏணி கீழிறங்கும். அடியில் ஒரு பெரிய உருளையும் வளைந்த உலோகத் தகடும் பிலிமின் தலையைத் திருப்பி மேலே அனுப்பும். மேலே வந்ததும் மற்றொரு தொகுதி அதை அடுத்த தொட்டிக்குள் வளைத்துவிடும். உருளைகள் அனைத்தும் ஒரே மோட்டாரின் சங்கிலியில் பிணைந்தவை. ஆகவே வேகம் எங்கும் ஒன்றே. எந்த இரு உருளைகளுக்கும் இடையிலான தூரம் மிகச் சிறிய பிலிமின் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிம் நடுவழியில் அனாதையாகிவிடும்.

உருளைகள் பிலிமைக் கடத்துவதோடு நில்லாமல் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. பிலிமோடு ஒட்டியுள்ள, சத்து இழந்த டெவலப்பரைப் பிழிந்து தள்ளுவதால் புதுத் திரவம் உடனே வந்து சேர்கிறது. தொட்டியை விட்டு வெளியேறும்போது ஈரத் துணியைப் பிழிவதுபோல் பிழிந்துவிடுவதால் இடைக்குளியலே தேவையற்றுப் போயிற்று.

டெவலப்பர் உழைக்க உழைக்கச் சோர்ந்துபோகும். முன்பெல்லாம் அனுபவசாலி ஒருவர் படத்தின் கருமையைப் பார்த்து, "இன்னும் ஒரு குவளை ஊற்று" என்பார். இயந்திரத்தில் நுழைவாயில் உருளையோடு ஒரு சிறு மின்விசை பொருத்தினார்கள். பிலிம் உள்ளே போகும்போது அதன் தடிப்பால் உருளை சற்றே உயரும், விசை மூடும், பம்பு ஓடும். பிலிமின் வால் நுழைந்ததும் பம்பு நிற்கும். 14 அங்குலப் பிலிம் ஒன்றுக்கு டெவலப்பர் 60 முதல் 70 மில்லிலிட்டரும், ஹைப்போ 100 முதல் 110 மில்லிலிட்டரும் இவ்வாறு தாமே சேர்ந்துவிடும். நீளமான பிலிமுக்குக் கூடுதல், குட்டைக்குக் குறைவு. உண்ட அளவுக்கே பரிமாறும் இந்த ஏற்பாடு அந்த இயந்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஐந்து நிமிடம் எப்படி 22 விநாடி ஆயிற்று?

இப்போது ஒரு சிறு கணக்கு. 300 விநாடி வேலை 22 விநாடியில் முடிகிறது என்றால் வேகம் ஏறத்தாழ 14 மடங்கு. டெவலப்பரின் வெப்பநிலையை 20-லிருந்து 35 டிகிரிக்கு உயர்த்தினார்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் சுமார் இருமடங்காகும் என்ற தோராய விதியை வைத்துக்கொண்டால், 15 டிகிரிக்குக் கிடைப்பது 2.8 மடங்குதான். மீதி ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது? ஹைட்ரோகுவினோனும் பினிடோனும் கலந்த செறிவான டெவலப்பர், விரைவில் ஊறக்கூடிய மெல்லிய பூச்சு, உருளைகளின் பிழிதல் எல்லாம் சேர்ந்து தந்தவை அவை.

இதில் இயற்பியல் மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஒரு திரவத்தைச் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக வைத்திருப்பது கடினம். வெப்பம் எப்போதும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். சற்றுச் சூடாக வைத்திருப்பதோ எளிது. வெப்பம் தானே வெளியே கசியும். ஒரு மின்சூடாக்கியும் ஒரு வெப்பநிலைப்பியும் இருந்தால் இழப்பை ஈடுசெய்து அரை டிகிரிகூடப் பிசகாமல் நிறுத்திவிடலாம். 20 டிகிரி என்பது நமக்கு ஆண்டில் பெரும்பகுதி ஐஸ் கணக்கு. 35 டிகிரி என்பது ஹீட்டர் கணக்கு. கோடக் பொறியாளர்கள் வேகத்தை நினைத்துத்தான் 35-ஐத் தேர்ந்தார்கள். வேலூருக்கு அது தற்செயலாகக் கிடைத்த வரம். மே மாதம் மட்டும் விலக்கு. குளிர்சாதனம் இல்லாத அறையில், மாடித் தொட்டி நீரே 35-ஐத் தாண்டிவிட்டால் ஹீட்டர் அணைந்து கிடக்கும்; திரவம் சூடேறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் 35 டிகிரியில் வேறோர் ஆபத்து காத்திருந்தது. அதுதான் நம்மைத் தோல் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்கிறது.

வஜ்ஜிரம் உருகும் வெப்பம்

1871-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு மேடக்ஸ் என்ற மருத்துவர் வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து பூசும் முறையை வெளியிட்டார். அன்று முதல் ஒளிப்படத் தொழில் முழுவதும் ஜெலட்டின்மேல் நின்றது. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் நீரில் காய்ச்சி எடுப்பது. தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை இதன் கரடுமுரடான அண்ணன். அமெரிக்காவில் கோடக்கின் ஜெலட்டின் ஆலை இருந்த பீபடி என்னும் ஊர், தோல் நகரம் என்றே பெயர் பெற்றது. அவர்களுடைய ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தோலின் உயிர்நாடியான கொல்லாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. நீரோடு சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகும். அதுவே ஜெலட்டின். குளிர்ந்தால் இழைகள் அங்குமிங்கும் மீண்டும் பின்னிக்கொண்டு கட்டியாகும். 35 டிகிரியை ஒட்டி மறுபடி இளகிக் கரையும். கடையில் விற்கும் ஜெலட்டின் தூளை நீரில் கரைத்துக் குளிரவைத்தால் நீங்களே இதைப் பார்க்கலாம். சைனா கிராஸ் வாங்கிவிடாதீர்கள். அது கடற்பாசியிலிருந்து வருவது. அதன் போக்கே வேறு.

ஆக, டெவலப்பரை 35 டிகிரிக்கு ஏற்றினால் பூச்சே உருகும். உருகாவிட்டாலும் காரத்தில் ஊதிப் பெருத்து மென்மையாகும். அதன்மேல் பற்பல உருளைகள் ஏறி இறங்கினால் என்ன மிஞ்சும்? வெப்ப நாட்டு ஒளிப்படக்காரர்களுக்கு இது பழைய துன்பம். வெயில் நாளில் கழுவிய படத்தின் ஓரம் சுருக்குத் துணிபோல் நெளிந்து உரிந்துவிடும். அவர்கள் கண்ட வைத்தியங்கள் இரண்டு. டெவலப்பரில் சோடியம் சல்பேட்டு உப்பைச் சேர்த்தால் ஜெலட்டின் அதிகம் ஊதாது. குரோம் படிகாரக் கரைசலில் படத்தை நனைத்தால் பூச்சு இறுகிவிடும்.

இவ்விரண்டையும் கேட்டால் எந்தத் தோல் தொழிற்சாலை மேஸ்திரியும் சிரிப்பார். தோலை அமிலத்தில் இடும்போது அது ஊதிவிடாதிருக்க உப்புப் போடுவது அவருக்கு அன்றாட வேலை. குரோம் உப்புடன் தோலை டிரம்மில் சுழற்றுவதோ அவர் தொழிலின் நடுநாயகம். பதனிடாத தோல் 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் சுருங்கிவிடும். குரோம் ஏறிய தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டால் அது அசையாது. இச்சோதனையில் தேறிய பிறகே தோல் அடுத்த கட்டத்துக்குப் போகும். குரோமியம் அணுக்கள் பக்கத்துப் பக்கத்துப் புரத இழைகளின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துப் பாலம் கட்டிவிடுவதே காரணம். ஜெலட்டினும் அதே இழைகளால் ஆனதுதானே? அங்கேயும் அதே பாலம்.

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்திருக்கிறது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோம் பதனிடும் முறையில், முதல் குளியலில் தோலுக்குள் ஏறிய டைகுரோமேட்டை இரண்டாம் குளியலில் பச்சைக் குரோமியமாக மாற்றியது எது தெரியுமா? ஒளிப்படக்காரரின் ஹைப்போதான்.

90 விநாடி இயந்திரத்துக்குப் பிலிமைத் தயாரிக்கும்போதே ஓரளவு இறுக்கினார்கள், அதுமட்டும் போதவில்லை. டெவலப்பருக்குள்ளேயே ஓர் இறுக்கியைச் சேர்த்தார்கள். அதுதான் குளூட்டரால்டிஹைடு. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறு. இரு முனையிலும் ஆல்டிஹைடு கொக்கிகள். ஒரு கொக்கி ஒரு புரத இழையின் அமினோ தொகுதியைப் பற்றும். மறு கொக்கி அடுத்த இழையை. படம் உருவாகும் அதே 22 விநாடியில் பூச்சும் இறுகிக்கொண்டே போகிறது. அதாவது, இருட்டறை மூலையில் ஓசையின்றி ஓடும் அந்தப் பெட்டி படத்தைக் கழுவும்போதே அதைப் பதனிடவும் செய்கிறது! தோல் தொழிலிலும் குளூட்டரால்டிஹைடு பதனிடும் பொருளாகப் பயன்படுகிறது. குரோம் சேராத வெண்தோலுக்கு அது ஒரு வழி.

இயந்திர டெவலப்பர் ஏ, பி, சி என மூன்று பகுதிகளாக விற்கப்படும். இறுக்கி உள்ளது சிறிய புட்டி ஒன்றில். கலப்பவர் மறதியாக அதை விட்டுவிட்டால் இரசாயனப்படி படம் தோன்றத்தான் செய்யும். ஆனால் ஊதிய பூச்சு நீரை விடாது. பிலிம் ஈரத்தோடு ஒட்டி உலர்த்தியில் சிக்கிக்கொள்ளும். பழுது மோட்டாரில் என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தவர்கள் பலர்.

விலையும் விளைவும்

இயந்திரத்துக்கு மின்சாரம் இன்றியமையாதது. 2012-இல், தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, மொபெட்டிலிருந்து விழுந்த என் தந்தையின் மணிக்கட்டைப் படமெடுக்க ஒரு தனியார் மையத்துக்குச் சென்றோம். பிலிம் உள்ளே நுழைந்ததும் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது பிலிம் டெவலப்பரில் 22 விநாடிக்குப் பதில் பல நிமிடம் ஊறிக் கரிப்பலகையாக வந்தது. மறுபடி படமெடுத்தார்கள், மறுபடி கதிர்வீச்சு, மறுபடி கட்டணம். கட்டணத்துக்காக நான் வாதாடியது வேறு கதை. கையால் கழுவியிருந்தால் மின்வெட்டில் பிலிம் கெட்டிருக்காது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

மனிதர்கள் கொடுத்த விலை இதைவிடப் பெரியது. புரதத்தைப் பிணைக்கும் பொருள் தோல் தொட்டிக்கும் நம் மூச்சுக் குழாய்க்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. குளூட்டரால்டிஹைடின் ஆவியால் இருட்டறைப் பணியாளர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி, சிலருக்கு ஆஸ்துமா ஏற்பட்டது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. எண்டோஸ்கோப் போன்ற கருவிகளைக் கிருமி நீக்கும் திரவத்திலும் அதே பொருள்தான் இருந்தது. ஆவியை வெளியேற்றும் குழாய் பொருத்தாத, சன்னலற்ற அறையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தது என்று சொல்லி என்ன பயன்?

பிலிம் நம் மாநிலத்திலேயே உற்பத்தியானது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, "இந்து" என்ற பெயரில் எக்ஸ்-ரே பிலிமும் கறுப்பு-வெள்ளைப் பிலிமும் வழங்கியது. இந்து என்றால் நிலவு. வெள்ளிப் படத்துக்குப் பொருத்தமான பெயர். ஜெலட்டின் பூச்சுக்கு நீலகிரியின் குளிரும் தூசியற்ற காற்றும் துணை நின்றன. 1996-இல் நலிவுற்ற நிறுவனமாக அது அறிவிக்கப்பட்டது. 2014-இல் எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. உதகையில் இந்துநகர் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. கோடக் நிறுவனமே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது.

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிரை மின்னணுத் தகடே வாங்கிக் கணினித் திரையில் காட்டிவிடுகிறது. உங்கள் கையில் தரப்படும் பிலிமும் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சிடும் உலர் பிலிம். அதற்குத் தொட்டியும் இல்லை, ஹைப்போவும் இல்லை.

ஆயினும் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய நெஞ்சுப் படம் ஒன்று கிடைத்தால் அதன் ஓரத்தில் சிறு துண்டை வெட்டி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பூச்சு அவ்வளவு எளிதில் கரையாது, பதனிட்டது அல்லவா? அதனால்தான் பழைய எக்ஸ்-ரே பிலிம்களை எடைக்கு வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள். அதன் கழிவு நீர் எங்கே போகிறது என்பது, பாலாற்றங்கரையில் வாழும் நமக்குப் பழகிப்போன கேள்வி. காஸ்டிக் இன்றிப் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைக் கொண்டு பூச்சைக் கழற்றிப் பல ஆய்வகங்கள் வெற்றி கண்டுள்ளன. 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சுண்ணாம்பும் சல்பைடும் இல்லாமல் தோலிலிருந்து மயிரை நீக்க ஆராய்ந்துவருவதும் அதே இனத்து நொதிகளைத்தான்.